ஒருசந்திக் காலத்து ரத்தம்

எனக்கு ஆரோக்கியசாமி என்று பெயர் வைத்தவர்கள் பின்விளைவுகளை யோசிக்கவில்லை. வார்டில் மிஸி, அதாவது நர்ஸ், அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடும்போதெல்லாம் தமிழ் தெரிந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கத் தெம்பிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுங்கைப் பட்டாணியில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் பத்திரிகையைப் புரட்டுவதைவிட என்னைத்தான் அதிகம் புரட்டுகிறார்கள். எனக்கு ரத்தப் புற்று என்று ஒரு கதை உலவுகிறது. இளமை திரும்ப ஊசி போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டேன் என்று இன்னொரு கதை. இரண்டாவது உண்மைக்குப் பக்கத்தில் வருவதால் அதுதான் அதிகம் உறுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

ஆரம்பம் களைப்புதான். கோலாலம்பூரிலிருந்து வரும் பத்திரிகைக் கட்டுகளை விடிவதற்கு முன்பே வேன்காரன் கடை வாசல் நடைபாதையில், நாங்கள் அஞ்சடி என்போம், போட்டுவிட்டுப் போய்விடுவான். நான் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். முப்பது வயதில் அது ஒரு பெருமை. நாற்பத்தேழில் அப்படி இல்லை. மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பது என் வாழ்க்கையின் ஒரே ஆடம்பரம். அந்தப் புத்தகம் நாளுக்கு நாள் என் மார்பில் கவிழ்ந்து கிடக்க ஆரம்பித்தது.

"படிக்கிறீங்களா, போர்த்திக்கிட்டிருக்கீங்களா?" என்றாள் என் மனைவி ரெஜினா.

அவள்தான் டவுன் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அது தவக்காலம், ஈஸ்டருக்குச் சற்று முன்பு. நான் ஒருசந்தி இருந்தேன். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. புக்கிட் செலம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் என் அப்பா தவக்காலம் முழுவதும் அப்படி இருப்பார். திருச்சபையே பிற்பாடு இரக்கப்பட்டு அதைச் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருக்கிவிட்டது. நான் சுருக்கவில்லை. அதைப் பக்தி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிடிவாதம் என்று சொன்னால் ரெஜினா ஒத்துக்கொள்வாள்.

போதாததற்குப் பாஸ்கா. ஆண்டவரின் பாடுகளை மாதா கோவில் மைதானத்தில் வருஷாவருஷம் நாடகமாகப் போடுவோம். ரெஜினாவின் தம்பி மைக்கேல்தான் டைரக்டர். பகலில் கோத்தா கோலா மூடாவிலிருந்து மீன் எடுத்து வந்து பசாரில் விற்பான்; இரவில் அப்போஸ்தலர்களை விரட்டுவான். எனக்கு, ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கைகழுவும் பிலாத்து வேடம். தொப்பை இருந்ததால் கிடைத்தது. ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், கண் அயர்வதற்குள் பத்திரிகைக் கட்டு வந்து விழும்.

டவுன் டாக்டர் நம் ஆள்தான், பண்பான மனிதர். களைப்பைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல... மத்தபடி எல்லாம் எப்படி?" என்றார். ரெஜினா கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது.

"புதுசா ஒரு டெஸ்ட் இருக்கு. ஆம்பளைங்க ஹார்மோன். ரத்தம் எடுத்துப் பினாங்குக்கு அனுப்புவோம். வெறும் வயித்துல ஒரு நாள் வாங்க."

"வெறும் வயிறா? அதுக்கு என்ன டாக்டர், இப்பல்லாம் நான் எப்பவுமே வெறும் வயிறுதான்."

"அப்ப ரொம்ப வசதியா போச்சு. இன்னைக்கே எடுத்துடலாம்."

சாயங்காலம் நாலு மணி. இன்னொரு முறை வர வேண்டாமே என்று எனக்குச் சந்தோஷம். ரெஜினாவுக்கும் சந்தோஷம். டாக்டருக்கும் சந்தோஷம். மூன்று படித்தவர்கள் ஓர் அறையில் கூடி இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முடிவு ஈஸ்டர் முடிந்து வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண் உடம்பு தானாகவே காய்ச்சிக்கொள்ளும் சரக்கு. மீசைக்கும் குரலுக்கும் மட்டுமல்ல, தசைக்கும் எலும்புக்கும் ரத்தம் ஊறுவதற்கும், காலையில் எழுந்து உலகத்தோடு சண்டை போடலாம் என்ற எண்ணத்துக்கும் அது வேண்டும். என் தாளில் இருநூற்றுச் சொச்சம் என்று போட்டிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு முந்நூறுக்கு மேலே இருக்குமாம். என் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நட்சத்திரம் வாங்காத குறை அன்று தீர்ந்தது.

மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. மருந்தை விளக்கெண்ணெயில் கரைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். மெதுவாக உடம்பில் கசியுமாம். என்னை அந்தப் பெயரால் அழைத்த வாத்தியார்களை நினைத்துக்கொண்டே திரும்பிப் படுத்தேன். எண்ணெய் கெட்டி, ஊசி தடிமன். உட்கார்ந்து செய்யும் தொழில்காரனுக்கு ஊசி போட அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் சரியில்லை.

ஆனால் வேலை செய்தது. அதை மறைக்க விரும்பவில்லை. முதல் மாதங்களில் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வைத்தேன். தடித்த நாவல்களை முடித்தேன். மைக்கேல் என்னைச் சுற்றிவந்து பார்த்தான்.

"அக்கா, அத்தான் மூஞ்சியப் பாத்தியா? வஞ்சிரம் மாதிரி மினுங்குது."

"மினுங்கட்டும். ராத்திரியில உக்காந்து அலமாரிய இடம் மாத்துறாரு. எனக்கு யாரு ஊசி போடுறது?"

ஊசி போட்ட வாரம் சிங்கம். அடுத்த வாரம் பூனை. மூன்றாவது வாரம் அந்தப் பூனை எதையோ தின்றுவிட்டுப் படுத்திருக்கும். அடுத்த ஊசிக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. நடுவில் ஒரு தவக்காலத்தை முழு ஒருசந்தியுடன் ஜம்பமாகக் கழித்தேன். முகம் சிவந்தது. தலை கனத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் வெயில் மேல் போடலாம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. சுளுக்கு என்று மைக்கேல் தைலம் தேய்த்தான். அப்படித் தேய்க்கவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் கால் தூண் மாதிரி ஆனது. மீன் வேனில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். காத்திருக்கும் அறையில் என் பக்கத்து இடங்கள் சீக்கிரமே காலியாகிவிட்டன. மீன் வாடைக்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

என் ரத்தம் தடித்துவிட்டது என்றார்கள். ஹார்மோன் அளவுக்கு மீறிப் போனால் ரத்தச் சிவப்பணுக்களும் மீறி ஊறும். ரத்தம் கஞ்சி பதத்துக்கு வந்து, காலில் உறைந்து கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் அவ்வளவுதான். இதை மிஸி எனக்கு மைலோ கலக்கிக்கொண்டே சொன்னார். கையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இளக்கும் மருந்து. நகரக் கூடாது. அது போக, வாரத்துக்கு ஒரு முறை ஒரு பை ரத்தத்தை என்னிடமிருந்து உருவி எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பெருமாள். புக்கிட் செலம்பாவ் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் பால் இறக்குகிறவர். குடற்புண்ணில் ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தார்.

"உங்களுக்கு என்னாண்ணே?"

ஆண்மை ஊசி என்று சொல்ல வாய் வரவில்லை. "ரத்தம் அதிகம்" என்றேன்.

என் பக்கம் புரண்டு படுத்தார். "எனக்கு ரத்தம் கம்மின்னு மூணு பேர்கிட்ட கேட்டுப் போட்டாங்க. உங்களுத எடுத்து என்னாண்ணே செய்றாங்க?"

"கொட்டிடுவாங்களாம்."

"கொட்டிடுவாங்களா." மறுபடி மல்லாந்து படுத்தார். அடுத்த முறை என் பை நிறைந்து அவர் கட்டிலைத் தாண்டிப் போனபோது, கதவு வரை பார்வையாலேயே அதை வழியனுப்பினார்.

ரெஜினா சாயங்காலம் கடை அடைத்துவிட்டு வருவாள். விரல்களில் அச்சு மை. கஞ்சித் தூக்குக்கு அடியில், அன்றைய பத்திரிகையிலிருந்து தொடர்கதையை மட்டும் கத்தரித்து வைத்திருப்பாள். செய்தி வேண்டாமாம், ரத்தம் கொதிக்குமாம். நாலு மணிக்கு எழுந்து அவள்தான் கட்டு பிரிக்கிறாள் என்பதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் கண் மூடிவிடுவாள். பார்வை நேரம் முடியும் மணி அடிக்கும் வரை நான் என் மனைவி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வார்டுக்குப் பொறுப்பான டாக்டர் ஹாலிமா. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மலாயில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். முதல் நாளே என்னைப் 'பாக்சிக்' என்றார். பெரியவரே, மாமா என்று அர்த்தம். ஒன்றரை வருஷ ஊசியின் பலன் ஒரு சொல்லில் போயிற்று.

"இந்த ஊசி எதுக்குப் போட்டுக்கிட்டீங்க, பாக்சிக்?"

"ஹார்மோன் கம்மின்னு ரிசல்ட் வந்துச்சு."

"எத்தனை தடவை எடுத்தாங்க?"

"ஒரு தடவை."

"காலையிலயா?"

"சாயங்காலம். நாலு மணி."

அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. "அப்ப உடம்பு எப்படி இருந்துச்சு? காய்ச்சல், கவலை ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்லை டாக்டர். புவாசா இருந்தேன், அவ்வளவுதான்." நோன்புக்கு மலாயில் அதுதான் சொல்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நீங்க புவாசாவா?"

"கிறிஸ்துவங்க. எங்களுக்கும் உண்டு. ஈஸ்டர் வரைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. டெஸ்ட் எடுத்தப்போ ஏறக்குறைய ஒரு மாசம் ஆயிருக்கும்."

"தூக்கம்?"

"நாடக ஒத்திகை இருந்துச்சு. தூக்கம் மூணு மணி நேரம்."

"என்ன நாடகம்?"

"நான் பிலாத்து." அவர் முகத்தைப் பார்த்து, "கவர்னர் மாதிரி ஒருத்தர்" என்று விளக்கினேன்.

டாக்டர் ஹாலிமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "பாக்சிக், நோன்பு மாசக் கடைசியில, சாயங்காலம் நாலு மணிக்கு, எங்க ஊர்க் கம்போங் ஆம்பளைங்களை வரிசையா நிக்க வச்சு இந்த டெஸ்ட் எடுத்தா, பாதிப் பேருக்கு ஊசி போடச் சொல்லி வரும்."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். இந்த ஹார்மோன் விடியற்காலை ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். பட்டினி கிடந்தாலும், தூக்கம் கெட்டாலும், நோயில் படுத்தாலும் குறையும். அதனால் காலையில் எடுக்க வேண்டும்; குறைவாக இருந்தால் வேறொரு காலையில் மறுபடியும் எடுக்க வேண்டும்; ஆள் எப்படி வாழ்கிறான் என்று கேட்க வேண்டும். நட்சத்திரம் எண்ணைப் பற்றித்தான் சொல்லும். ஆளைப் பற்றி அதற்குத் தெரியாது.

"அப்படின்னா எனக்கு நோயே இல்லையா?"

"இருந்துச்சா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது. ஊசி எல்லாத்தையும் மூடிடுச்சு."

ஊசி என்ன செய்கிறது என்பதை என் கடை வழக்கில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி, 'இவ்வளவு சரக்கு வேண்டும்' என்று கீழே ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒருவர் தினமும் என் அஞ்சடியில் இலவசமாகப் பத்திரிகை கொட்டினால் நான் கோலாலம்பூருக்கு ஆர்டர் போடுவேனா? நிறுத்திவிடுவேன். கொஞ்ச நாளில் வேன்காரன் என் கடையையே மறந்துவிடுவான். வார்டில் எடுத்த ரத்தத்தில் என் ஆர்டர் ஏறக்குறைய பூஜ்யம். ஊசியை நிறுத்தினால் ஆர்டர் மறுபடி போகும், சரக்கும் வரும், பெரும்பாலும். ஆறு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். வராமலே போனால் ஊசிதான் கதி. ஊசி போட்டால் ரத்தம் தடிக்கும். தடித்தால் என்ன ஆகும் என்பதை மைலோவோடு கேட்டிருந்தேன்.

அந்த வாரம் டவுன் டாக்டர் பார்க்க வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. கட்டிலில் தொங்கிய என் அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார்.

"நானும்தான் டாக்டர் சொல்லியிருக்கணும்."

ரெஜினா ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தாள். பெருமாளுக்கு முழுசாக ஒன்று கொடுத்தாள்.

கால் வற்றி வீடு திரும்பினேன். ரத்தம் இளக்கும் மாத்திரை தொடர்ந்தது. ஊசி நின்றது. அந்த மாதங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. காலையில் கண் திறந்ததும் இன்னொரு நாளா என்று தோன்றும். குப்பென்று உடம்பு வேர்க்கும். என் அக்கா ஐம்பது வயதில் பட்ட பாட்டை நான் பட்டேன். தாடியைச் சவரம் செய்ய வேண்டிய அவசரமே இல்லாமல் போனது. காரணமில்லாமல் ஒரு நாள் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டேன். இறந்தவரை எனக்குத் தெரியாது. கடையைத் திறப்பது ரெஜினா. நான் பத்து மணிக்குப் போய்க் கல்லாவில் ஒரு மூட்டையாக உட்காருவேன். அவள் குறை சொல்லவில்லை. பேச்சு மட்டும் குறைந்திருந்தது. அவளுக்கும் தெம்பில்லை.

நடுவில் ஒரு காலையில் ரத்தம் எடுத்தார்கள். அந்தத் தாளை மைக்கேல்தான் முதலில் பிரித்தான். அவன் முகம் இறங்கியது.

"ஏழுன்னு போட்டிருக்கான் அத்தான்."

"என்னது ஏழு?"

"முன்ன இருநூத்துச் சொச்சம்தான? இப்ப ஏழு. வெறும் ஏழு." தாளை மடித்துக்கொண்டே, "அக்காகிட்ட நான் சொல்லிக்கவா?" என்றான், சாவு வீட்டுக் குரலில்.

மூன்று பேரும் டாக்டர் ஹாலிமாவின் முன்னால் போய் நின்றோம். அவர் தாளைப் பார்த்தார், மைக்கேலின் கையிலிருந்த செதிளைப் பார்த்தார். "நீங்க மீன் விக்கிறவரா?"

"ஆமாம்."

"முன்ன கட்டிங்கிற பழைய எடையில நிறுத்தீங்க. இப்ப கிலோ. எண்ணு மாறிச்சே, மீன் மாறிச்சா?"

பினாங்கு லேப் பழைய அளவில் எழுதியது. இந்த லேப் புது அளவில் எழுதுகிறது. புது ஏழும் பழைய இருநூற்றுச் சொச்சமும் ஒன்றேதான். மைக்கேல் வெளியே வரும் வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டான். எனக்கோ அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. செத்துப்போகவில்லை, சரி. ஆனால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறேன், இந்த முறை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு.

"ஆர்டர் போக ஆரம்பிச்சிருக்கு" என்று டாக்டர் இன்னோர் எண்ணைக் காட்டினார். "காத்திருங்க. சாப்பிடுங்க, தூங்குங்க. மே மாசத்துல கடைசியா ஒரு தடவை பார்ப்போம். அதுலயும் ஏறலன்னா யோசிக்கணும்."

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு, "ஒருசந்தி..." என்று வாயைத் திறந்தேன்.

"சாமியார்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள் ரெஜினா. "நீங்க மூணு வேளையும் சாப்பிடறதுதான் இந்த வருசம் தபசு."

"அவர் அப்படியா சொன்னாரு?"

"அவரு யோசிச்சாரு. நான்தான் சொன்னேன்."

தபசு கடுமையாகத்தான் இருந்தது. கோவிலிலிருந்து வருகிறவர்கள் முன்னால் காலை இட்டிலியை மறைத்துத் தின்றேன். பிலாத்து வேடத்தை மைக்கேல் ஒரு கிளார்க்குக்குக் கொடுத்தான். ஒத்திகைக்குக்கூட என்னை விடவில்லை. பெரிய வெள்ளியன்று நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புதுப் பிலாத்து கைகழுவியபோது தண்ணீர் அதிகமாகி என் சட்டையில் தெறித்தது. அதற்கு முன்பே எனக்குத் தூக்கம் வந்திருந்தது.

மே மாதத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், கடைசி ரத்தம் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன நாள் ரமலான் நோன்பு மாதத்தில் விழுந்தது. பிற்பகல். வரிசை நீளம். எங்கள் முறை வந்தபோது டாக்டர் ஹாலிமாவின் உதடுகள் காய்ந்திருந்தன. மேசைமேல் ஒரு தண்ணீர்க் குவளைகூட இல்லை. ரெஜினா என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பதின்மூணு" என்றார் டாக்டர்.

"அது கட்டியா, கிலோவா?" என்றேன்.

"கிலோ. கட்டியில சொன்னா முந்நூத்தெழுபதுக்கு மேல. கோட்டுக்கு மேலதான் இருக்கீங்க. உங்க உடம்பே செஞ்சது. இனிமே ஊசி வேண்டாம், பாக்சிக்."

நட்சத்திரம் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. ரெஜினா வாரை விட்டுவிட்டாள். நன்றி சொல்லி எழுந்திருக்க வேண்டியவன், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஆனா டாக்டர், களைப்பு போகலையே. முதல்ல எதுக்கு வந்தேனோ அந்தக் களைப்பு அப்படியேதான் இருக்கு."

அவர் விடியுமுன் எழுந்து சமைத்து, சாப்பிட்டு, வார்டு சுற்றி, எனக்கு முன்னால் வரிசையில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து முடித்திருந்தார். வெளியே இன்னும் ஆட்கள் இருந்தார்கள். என் தாளை மடித்து உறையில் போட்டார்.

"சாயா புன் பெனாட், பாக்சிக்" என்றார். எனக்கும்தான் களைப்பாக இருக்கிறது. ரொம்ப இயல்பாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ரெஜினாவுக்குக் கொடுத்தேன். பஸ் நகர்வதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எங்கள் நிறுத்தம் வந்ததும் எழுப்ப மனம் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய், இருவரும் வெயிலில் திரும்பி நடந்தோம்.

"எழுப்பினா என்ன?" என்றாள்.

"நாளைக்குக் காலையில நான் எந்திரிச்சுக்கிறேன். கட்டு பிரிக்க."

"முடியுமா?"

"முடியாது. ஆனா எந்திரிச்சுக்கிறேன்."

அவள் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாங்கள் முறை வைத்துக்கொண்டு களைத்துப்போகிறோம்.